நல்லதங்காள், நீலி, வேதாளம்: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

திண்ணைவிளக்கு:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கோடை விடுமுறைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை கதை நேரம் வைக்கிறோம். காலை 10 முதல் 11 வரை. 20, 25 பிள்ளைகள் வருவார்கள். 4 வயசிலிருந்து 9 வயசு வரை எல்லாரும் ஒரே கூடம், ஒரே பாய். கதை சொல்லும் பொறுப்பு என் தலையில்.

பழைய கதைகளாகவே சொல்லலாம் என்று எழுதி வைத்த பட்டியல் இது: நல்லதங்காள், பழையனூர் நீலி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த ராட்சசன், விக்கிரமாதித்தன் வேதாளம். வெளிநாட்டுக் கதைகளில் சிவப்புத் தொப்பிக்காரியும் ஓநாயும், ஹான்சல் கிரேட்டல். பட்டியலைப் பார்த்த பெற்றோரில் பாதிப்பேர் "ராத்திரி தூங்க மாட்டான், வேண்டாம்" என்கிறார்கள். மீதிப்பேர் "நாங்களெல்லாம் இதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்" என்கிறார்கள். இரண்டை வைத்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எந்தக் கதை எந்த வயசுக்கு, வெட்டு குத்து வரும் இடத்தை என்ன செய்வது, நடுவில் ஒரு பிள்ளை அழுதால் எப்படிச் சமாளிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உம்கொட்டி:

முதல் வேலை, கூட்டத்தைப் பிரியுங்கள். 10 மணிக்கு 4 முதல் 6 வயசு வரை, 25 நிமிஷம். 10.30க்கு 7 முதல் 9 வரை. பிரிக்கவே வழியில்லை என்றால் சின்னவர்களுக்கு ஏற்ற கதையைத்தான் சொல்லியாக வேண்டும். 9 வயசுக்காரன் குட்டிக் கதையைப் பொறுத்துக்கொள்வான். 4 வயசுக்காரி பெரிய கதையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

கதையைப் பொறுக்கும்போது ரத்தம் எவ்வளவு என்று அளக்காதீர்கள், பயமுறுத்துவது யார் என்று பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராட்சசன் நூறு பேரைத் தின்னட்டும், பிள்ளை அடுத்த வாய்ச் சோற்றுக்கு 'ஆ' என்று வாயைத் திறக்கும். சோறு ஊட்டுகிற கையே கழுத்தைப் பிடித்தால் அந்தப் பயத்துக்கு வீட்டில் மருந்து கிடையாது. இந்தக் கணக்குப்படி ராட்சசன் கதை 5 வயசுக்கு மேல் தாராளம். ஹான்சல் கிரேட்டலில் சூனியக்காரி அடுப்பில் வேகிறாள், அது பிரச்சினையே இல்லை. பெற்றவர்களே காட்டில் விட்டுவிட்டு வருகிறார்களே, அந்த முதல் ஐந்து நிமிஷம்தான் 4 வயசுக்குக் கஷ்டம். ஆகவே அது 7 வயசுக்கு மேல். நல்லதங்காளை எடுத்துவிடுங்கள். பெற்ற தாயே ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கிணற்றில் போடுகிற கதையை எந்தக் குரலில் சொன்னாலும் பிள்ளை காதில் ஒன்றுதான் விழும்.

வேதாளத்தில் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரம், தோளில் பிணம், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், சொன்னால் வேதாளம் மரமேறிவிடும். உள்ளே இருக்கிற 25 கதைகளில் பலவற்றில் கள்ளக்காதலும் தலைவெட்டும்தான். அம்புலிமாமாக்காரர்கள் அந்தச் சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதுக்கதை போட்டுத்தான் பல வருஷம் ஓட்டினார்கள். நீங்களும் அதையே செய்யலாம். 7 வயசுக்கு மேல் இது நல்ல கதை, ஏனென்றால் கேள்வி வருகிற இடத்தில் கதையை நிறுத்திப் பிள்ளைகளையே பதில் சொல்ல விடலாம். பதில் சொல்கிற மும்முரத்தில் பிணத்தை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. தொடங்குவதற்கு முன் 'உம்' கொட்டக் கற்றுக்கொடுங்கள். "நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் நீங்கள் உம் சொல்லணும், சொல்லாவிட்டால் கதை நகராது." இது வெறும் சடங்கு இல்லை, உங்களுக்கு அதுதான் அளவுகோல். ஓங்கி வந்த உம் மெலிந்தால் கவனம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிள்ளை மட்டும் உம்மை நிறுத்திவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளை சட்டையைப் பிடித்தால், அந்தப் பிள்ளைக்குப் போதும். உடனே கதைக்கு வெளியே வந்து ஒரு கேள்வி போடுங்கள். "ராட்சசன் வீட்டுச் சாம்பாருக்கு எத்தனை படி உப்பு போடணும்?" நாலு பேர் நாலு கணக்குச் சொல்வார்கள், சிரிப்பு வரும், திரும்ப உள்ளே போகலாம். "பயப்படாதே, பயப்படாதே" என்று சொன்னால் பயப்படாமல் இருந்த பிள்ளையும் பயப்படும்.

கருக்கல்:

"கேட்டுத்தானே வளர்ந்தோம்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்லதங்காள் குழந்தைகளுக்கென்று கட்டிய கதையல்ல. பெரிய எழுத்துப் புத்தகமாக, கூத்தாக, பாட்டாகப் பெரியவர்கள் நடுவே நடந்தது. பிள்ளைகள் மடியில் படுத்தபடி அரைத் தூக்கத்தில் கேட்டார்கள். புரிந்த வரைக்கும் கேட்டு, மீதியில் தூங்கிப்போனார்கள். பயந்தால் முகத்தைப் புதைக்க ஒரு சேலைத் தலைப்பு இருந்தது. அப்படிக் காதில் விழுவதும், கூடத்தில் உட்கார வைத்து முகத்துக்கு நேரே "உனக்குத்தான் சொல்கிறேன்" என்று சொல்வதும் வேறுவேறு.

அந்தக் கதையின் பாரம் முழுக்கப் பஞ்சத்திலும் பிறந்த வீட்டு வாசலிலும் இருக்கிறது. பசியோடு வந்த நாத்தனாருக்கு அண்ணன் மனைவி மூளியலங்காரி ஓட்டைப் பானையையும் எரியாத பச்சை மட்டையையும் சமைக்கக் கொடுக்கிறாளே, அந்த அவமானம் 40 வயதுக்காரருக்குத் தைக்கும். 6 வயதுப் பிள்ளைக்குக் கிணறு மட்டும்தான் நிற்கும். முடிவை மாற்றி, "அண்ணன் ஓடிவந்து எல்லாரையும் காப்பாற்றிவிட்டான்" என்று சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். கதையின் முதுகெலும்பே அண்ணன் வந்துசேர நேரமாகிவிட்டது என்பதுதான். உருவிவிட்டால் கதை நிற்காது. அதை 13, 14 வயதுக்கு முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீலியும் அப்படித்தான். முன்பிறவிப் பழியைத் தீர்க்க ஒரு வணிகனைத் துரத்தி வரும் பேய் அவள். கள்ளிக் கொப்பை முறித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் என் புருஷன், வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான்" என்று பழையனூர்ச் சபையில் அழுகிறாள். அவள் பேச்சை நம்பி வேளாளர் 70 பேர் வணிகனின் உயிருக்குப் பிணை நிற்கிறார்கள். விடிந்தால் வணிகன் செத்துக் கிடக்கிறான், சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீப்பாய்கிறார்கள். பேய்க்கதை மாதிரித் தோன்றினாலும் உள்ளே இருப்பது முன்பிறவிப் பழியும் வாக்கும் பொய்ச்சாட்சியும். 'நீலிக்கண்ணீர்' என்ற சொல் பாடப்புத்தகத்தில் வருகிற வயதில் சொன்னால் கச்சிதமாக உட்காரும்.

ஹான்சல் கிரேட்டல் விஷயத்தில் உம்கொட்டி சொன்னதை, ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே செய்து பார்த்திருக்கிறார்கள். 1812இல் வந்த முதல் பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பனிவெண்மை (ஸ்னோ ஒயிட்) கதையில் 1819லேயே அந்த மாற்றம் வந்துவிட்டது. பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒருவனை அறுத்துவிடுகிற கதை ஒன்று முதல் பதிப்பில் இருந்தது, அடுத்த பதிப்பில் இல்லை. 1825இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கிச் சிறுவர்களுக்கென்று ஒரு சின்னப் பதிப்பும் போட்டார்கள். ஆனால் கெட்டவர்களுக்குக் கிடைக்கும் தண்டனையைக் குறைக்கவே இல்லை. பனிவெண்மையின் எதிரி ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆடிச் சாகிறாள். சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்களைப் புறாக்கள் கொத்துவது முதல் பதிப்பில் கிடையாது, 1819இல் சேர்த்தது. வீட்டுக்குள் இருந்த பயத்தைக் குறைத்தார்கள், கெட்டவன் வாங்குகிற அடியைக் கூட்டினார்கள். எனக்கு அது சரியான வியாபாரக் கணக்காகவும் படுகிறது, சரியான பிள்ளைக் கணக்காகவும் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. மாற்றாந்தாய் என்று மாற்றியதால் வேறொரு சிக்கல் வரும். உங்கள் 25 பிள்ளைகளில் சித்தியிடம் வளரும் பிள்ளை இருக்கலாம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்தக் கதையை விட்டுவிட்டு வேறு எடுங்கள்.

பனையோலை:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 4 வயசுப் பிள்ளை கைபேசியில் பார்க்கிற பேய் வீடியோவுக்கு முன்னால் உங்கள் ராட்சசன் எம்மாத்திரம்?

தூளிக்கயிறு:

பனையோலை, அந்த ஒப்பீடு தலைகீழாகப் போகும். வீடியோவில் பேயின் முகத்தை யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்ட முகத்தைப் பிள்ளையால் சின்னதாக்க முடியாது. சொல்லக் கேட்கும்போது ராட்சசனைப் பிள்ளையே வரைந்துகொள்கிறது. தனக்குத் தாங்குகிற அளவுக்குத்தான் பல் வைக்கும். அதனால்தான் இந்தக் கதைகளுக்குப் படம் காட்டக் கூடாது. திண்ணைவிளக்கு, நூலகத்தில் படப்புத்தகம் இருந்தாலும் ராட்சசன் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

வயதைப் பற்றி. 4 வயதுக்காரருக்கும் 6 வயதுக்காரருக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் தைரியம் அல்ல, வேஷத்தைப் பற்றிய அறிவு. 1969இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சாதுவான பூனைக்கு நாய் முகமூடி மாட்டினார்கள். வால்பக்கம் முழுநேரமும் பிள்ளைகளின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அப்படியும் 3 வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே ஆகிவிட்டது என்று நம்பினார்கள். 6 வயதுப் பிள்ளைகள் "முகமூடிதானே" என்றார்கள். இப்போது சிவப்புத் தொப்பிக்காரியைப் பாருங்கள். ஓநாய் பாட்டியின் துணியை உடுத்திக்கொண்டு பாட்டியின் கட்டிலில் படுத்திருக்கிறது. 7 வயதுப் பிள்ளை "ஐயோ, அது ஓநாய்!" என்று கத்தும், அதில் அதற்கு ஒரு பெருமை. 4 வயதுப் பிள்ளைக்கு அங்கே பாட்டியே ஓநாயாகிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி வீட்டுப் பாட்டி பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் காரணம் அதுதான். கள்ளிக் கொப்பு குழந்தையாவதும் இதே ரகம். வேஷம் போட்டு ஏமாற்றும் கதைகளை 6க்கு மேல் தள்ளுங்கள். 6க்கு மேல் சொல்லும்போதும் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கீறி இருவரையும் வெளியே எடுக்கிற கிரிம் வடிவத்தைச் சொல்லுங்கள். 1697இல் அச்சான பெரோவின் பிரெஞ்சு வடிவம் ஓநாய் தின்றதோடு முடிந்துவிடும். அது வயசுப்பெண்களுக்குச் சொன்ன எச்சரிக்கை.

பெற்றோரின் "தூங்க மாட்டான்" என்ற கவலைக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பிள்ளை திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிட்டால், கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாவிட்டால், காலையில் எதுவும் நினைவில்லை என்றால், அது தூக்கத்திலேயே வரும் அலறல். உடம்பு அசதி, தூக்கக் குறைவு, காய்ச்சல் இதற்கெல்லாம் அது வரும். உலுக்கி எழுப்பாமல், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். கெட்ட கனவு விடியல் பக்கம் வரும். பிள்ளை முழுசாக விழித்து, கனவில் கண்டதைச் சொல்லும். கதை காரணமாக இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கும். முதலாவது வந்தவுடன் "பயந்திருக்கு, மந்திரிச்சிட்டு வா" என்று கிளம்பிக் கதைசொன்னவர் மேல் பழி போடுவது வழக்கம். வாரக்கணக்கில் தனியே கழிவறைக்குப் போக மறுப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது என்று இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவர். பூச்சாண்டி. கதையை வேண்டாம் என்கிற அதே வீட்டில் தினம் மூன்று வேளை அவர் பெயர் சொல்லித்தான் சோறு இறங்குகிறது. பூச்சாண்டிக்குக் கதையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எங்கிருந்து வந்தான், எதற்குப் பயப்படுவான், யார் அடித்து விரட்டினார்கள், ஒன்றுமில்லை. சாப்பிடாவிட்டால் வருவான். சாப்பிட்டால் வரமாட்டான், ஆனால் போகவும் மாட்டான், அடுத்த வேளைக்குக் கதவுக்குப் பின்னால் நிற்பான். ராட்சசன் பத்து நிமிஷத்தில் செத்துவிடுகிறான். பிள்ளைப்பிடிக்காரனும் சாக்குப்பையும் இதே ரகம். கதை நேரத்துக்கு வரும் பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கதை நேரத்தில் கேட்ட ராட்சசனை வீட்டில் சோறூட்டக் கூப்பிடக் கூடாது.

திண்ணைவிளக்கு:

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்தை இரண்டாகப் பிரிக்க நூலகர் ஒத்துக்கொண்டார். நல்லதங்காளும் நீலியும் போயாச்சு. முதல் ஞாயிறு சின்னவர்களுக்கு ராட்சசன். கிளியின் இறக்கையைப் பிய்த்துக் காலை முறித்துக் கழுத்தைத் திருகுகிற இடம் மட்டும் இடிக்கிறது. முடிவில் அத்திரிபாச்சா கதை சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பலாமா?

உம்கொட்டி:

கிளி இடம் இடிக்கத்தான் செய்யும். நூறு பேரைத் தின்ற ராட்சசனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். "கிளி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது, பதிலும் கிடையாது. சின்னவர்களுக்கு வண்டு ஆக்கிவிடுங்கள். சிமிழுக்குள் வண்டு, அதற்குள் உயிர் என்று சொல்கிற வழக்கமும் பழசுதான், நீங்கள் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. வண்டைப் பிய்க்கவும் வேண்டாம். சிமிழைத் திறந்தால் ராட்சசனுக்குக் கை விழுகிறது, வண்டு வெளியே வந்தால் கால் விழுகிறது, பறந்து போனால் ராட்சசன் தொம்மென்று சாய்கிறான். 7 வயசுக்கு மேல் கிளியையே வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் 12 நிமிஷம். இளவரசி ராட்சசனின் காலை அமுக்கிக்கொண்டே "உன் உயிர் எங்கே இருக்கு?" என்று கேட்டு வாங்குகிற வரைக்கும் மூன்று. பயணம் ஐந்து. வண்டு இரண்டு. ஊர் திரும்பி விருந்து சாப்பிட இரண்டு. அவசரத்தில் எல்லாரும் வெட்டுவது பயணத்தைத்தான், கதை கெடுவதும் அங்கேதான். ஏழு கடலையும் ஏழு மலையையும் ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும், விரல் விட்டு எண்ணியபடி. முதல் இரண்டு கடலை நீங்கள் தாண்டினால் மூன்றாவதிலிருந்து பிள்ளைகளே தாண்டுவார்கள். அந்த எண்ணிக்கைதான் பயத்துக்குப் படிக்கட்டு. அதை இடித்துவிட்டு நேரே குகைக்குள் இறக்கினால் பிள்ளை திடுக்கிடும்.

ராட்சசன் குரலைத் தாழ்த்துங்கள், உயர்த்தாதீர்கள். மெதுவாக, கொஞ்சம் சோம்பலாகப் பேசட்டும். நடுவில் "பே!" என்று பாய்கிற வித்தை 7 வயசுக்குக் கீழே ஆகாது. கத்திச் சிரித்தாலும் அதற்குப்பின் கதையைக் கேட்க மாட்டார்கள், அடுத்த "பே" எப்போது என்று உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கை அணைக்காதீர்கள். மைக் வேண்டாம். நாற்காலியில் உட்காராமல் நீங்களும் பாயிலேயே உட்காருங்கள். வாசலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே உட்காராதீர்கள், வெளியே போகிற வழி அவர்கள் கண்ணில் பட வேண்டும். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த நீங்கள் எழுந்தால் மீதி 11 பேரும் கதையில்லாமல் ராட்சசன் வீட்டிலேயே நிற்பார்கள். ஒரு அக்காவை வாசலோரம் உட்கார வைத்து, அவர் பிள்ளையைத் தண்ணீர் குடிக்க அழைத்துப் போகட்டும். ஆனால் ராட்சசன் விழுகிற இடம் வருவதற்குள் பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். பாதியில் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு ராட்சசன் சாகவே இல்லை. "தொம்" வரும்போது எல்லாரையும் பாயில் விழச் சொல்லுங்கள். எழுந்ததும் "கதை முடிஞ்சது, கத்தரிக்காய் காய்ச்சது" என்று சேர்ந்து சொல்லி மூடுங்கள்.

கருக்கல்:

அத்திரிபாச்சா பற்றி ஒரு வார்த்தை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பலகாரத்தின் பெயரை மறக்காமலிருக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்து, வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று சொன்னதில் பெயரை மறந்துவிடுகிறான். அதுவரைக்கும் அருமை. பிறகு வீட்டில் என்ன நடக்கிறது? அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று பெண்டாட்டியை அடிக்கிறான். "கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்று யாரோ சொல்ல, "ஆமாம், கொழுக்கட்டை!" என்கிறான். கூடமே சிரிக்கும். ராட்சசனை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் ஒருவர்கூட இதை மறுத்துப் பார்க்க மாட்டீர்கள். அடி வாங்குவது வீட்டுக்குள், அடிப்பவன் கெட்டவனும் அல்ல, தண்டனையும் இல்லை.

கதையை விட வேண்டாம். அவன் தாண்டுகிற பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் "அத்திரிபாச்சா" என்று குதித்து நிலைப்படியில் மண்டையை இடித்துக்கொள்ளட்டும். வீக்கத்தை அவள் பார்த்து, "என்னங்க, நெத்தியில கொழுக்கட்டை?" என்று கேட்கட்டும்.